பத்மா மாமி வீட்டு ஜாயின்ட்

அசையாமல் நின்றதற்காக எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் நீர்மோர் கொடுத்திருக்கிறார்கள். கையில் கொடுக்கவில்லை. கை இரண்டும் வேலையில் இருந்தன. முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என் முகவாயைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றிவிட்டுப் போனார். கொஞ்சம் இஞ்சி, கொஞ்சம் பெருங்காயம், மீதி என் சட்டைக் காலரில்.

இடம், மயிலாப்பூர் வடக்கு மாட வீதி. பங்குனித் தேர் அப்போதுதான் அந்த வீட்டைத் தாண்டிப் போயிருந்தது. கூட்டம் மட்டும் தாண்டவில்லை. நான் ஒரு காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நின்றிருந்தேன். சுவரின் மேல் தடித்தடியாக இரண்டு அகராதிகள். அகராதிகளின் மேல், டிபன் கேரியரைப் படுக்கவைத்த அளவில் ஓர் இயந்திரம். என் வலது கை அதன் மூடியில். இடது கையில், மேலே சன்ஷேடிலிருந்து தொங்கும் இரண்டு கறுப்பு ஒயர்கள்.

"அம்மா, அந்த அங்கிள் பொம்மையா?" என்று ஒரு குழந்தை கேட்டது.

"கிட்டப் போகாத. ஏதோ வேண்டுதல் போலருக்கு" என்றாள் அம்மா.

வேண்டுதல்தான். ஆனால் என்னுடையது அல்ல. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்த பத்மா மாமியுடையது.

தலைமுடியும் நானும்

இந்தத் தொடரை விடாமல் படித்து வருபவர்களுக்கு (என் மைத்துனர் ஒருவர், அச்சகத்தில் பிழை திருத்துபவர் ஒருவர்) என் தொழில் சரித்திரம் தெரிந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்காக: இலக்கியம் படித்துவிட்டு, இலக்கியத்தால் யாருக்கும் இணைப்பு கொடுக்க முடியாது என்று தெரிந்த பிறகு, மந்தைவெளியில் ஒரு சின்ன அறை பிடித்து, வீடுகளுக்கு இணையத்துக்கான ஃபைபர் இழுத்துக் கொடுக்கும் கான்ட்ராக்டராக நான் சில வருடங்கள் இருந்தேன். பெரிய கம்பெனி தெரு வரைக்கும் கொண்டுவரும். தெருவிலிருந்து வீட்டுக்குள் கொண்டுபோவது நாங்கள்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை. தலைமுடி கனம்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் சொல்வேன். சொல்லும்போது அவர்கள் பார்வை என் தலைக்குப் போகும். உதாரணம் காட்ட அங்கே எதுவும் இல்லை என்பதால் மரியாதையாகத் திரும்பி வந்துவிடும்.

தி. நகரில் ஒரு ஜவுளிக் கடை அண்ணாச்சி, "கண்ணாடின்னா ஒடஞ்சிராதாய்யா?" என்று கேட்டார். ஒடியாது அண்ணாச்சி, நன்றாக வளையும் என்று பெருமையாக ஒரு துண்டைக் கொடுத்தேன். ஆட்காட்டி விரலில் புடவை நூலைச் சுற்றுவதுபோல இறுக்கிச் சுற்றினார். டிக். "பாத்தியளா, நான் சொன்னேம்லா" என்றார். வியாபாரத்தில் அவர் தோற்றதே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

பெசன்ட் நகரில் அணில்கள். அவற்றைப் பற்றி எழுதினால் இந்த வாரப் பக்கம் போதாது. எங்கள் கேபிளில் அவற்றுக்கு என்ன ருசி தெரிந்ததோ, கடற்காற்று வாங்கிக்கொண்டு கொறிக்கும்.

சரி, தேருக்கு வருகிறேன்.

ரெஜினாவின் சட்டம்

அதற்கு முன் ரெஜினா. சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்காரி. முப்பதுகளின் நடுவில். எங்கள் கடையில் முதலாளி என்ற பலகை என் மேஜையில் இருந்தது. மற்றதெல்லாம் ரெஜினாவிடம் இருந்தது. அறுந்த ஃபைபரை ஒட்டவைப்பதில் தென்சென்னையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை. அவளே சொல்வாள்.

ஒட்டவைப்பது (தொழிலில் ஜாயின்ட் என்போம்) என்பது இதுதான். இரண்டு முனைகளின் மேலுறையைச் சீவ வேண்டும். ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். முனையை நேர்க்கோடாக நறுக்க வேண்டும். இரண்டையும் இயந்திரத்தில் எதிரெதிரே படுக்கவைத்து மூடினால், அது தானே நகர்த்திச் சேர்த்து, ஒரு பொறி விட்டு உருக்கி ஒட்டிவிடும். ஒட்டின இடம் வெற்றுக் கண்ணாடி. விரல் பட்டால் போச்சு. அதற்காக மேலே ஒரு சின்னக் குழாய் உறையைத் தள்ளிச் சூடு காட்ட வேண்டும். சுருங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஸ்லீவ் என்று பெயர்.

சூட்சுமம் ஒன்று உண்டு. ஸ்லீவை ஒட்டுவதற்கு *முன்னால்* ஒரு முனையில் கோத்துவிட வேண்டும். ஒட்டின பிறகு கோக்க வழியே இல்லை. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் ஒரு நாளாவது அதை மறந்திருப்பார்கள். பிரமாதமாக ஒட்டிவிட்டு, கையில் ஸ்லீவை வைத்துக்கொண்டு முழிப்பார்கள். பிறகு நறுக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து.

"சட்டைய மாட்டிக்கினு அப்பால பனியன் போடுவியா சார்? மொதல்ல பனியன்" என்பாள் ரெஜினா. அவள் ஒருமுறைகூட மறந்தது கிடையாது.

மூங்கில் சொன்னால் சொன்னதுதான்

தேருக்குச் சில நாட்கள் முன்பு மாட வீதிகளில் நெடிய மூங்கில்களோடு ஆட்கள் வருவார்கள். தேரின் உயரத்துக்கு மூங்கிலைத் தூக்கிப் பிடித்தபடி நடப்பார்கள். மூங்கில் எதில் இடிக்கிறதோ அது இறங்கியாக வேண்டும். மின்சார ஒயர், டிவி கேபிள், கட்சிக் கொடி, நாங்கள். மேல்முறையீடு கிடையாது.

இறக்கித் தரையில் போட்டால் சக்கரம் ஏறிக் கண்ணாடி பொடியாகிவிடும். அதனால் குறுக்கே போகும் கேபிளை வெட்டிச் சுருட்டிக் கட்டி, தேர் போன பிறகு மறுபடி இழுத்து ஒட்டுவோம். ஒவ்வொரு முறையும் ஒரு சாண் போய்விடும். அதற்காகவே வீட்டு வாசலில் ஒரு வளையம் கேபிளை மிச்சமாகச் சுருட்டித் தொங்கவிட்டிருப்போம்.

இந்த வளையம் ராஜகோபால் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. பத்மா மாமியின் கணவர். ரிட்டயர்டு சர்வேயர். உலகம் கோணலில்லாமல் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

"என்ன ஓய் இது, வாசல்ல சாரைப்பாம்பு சுருண்டுண்டு கெடக்கற மாதிரி? ஆத்துக்கு வரவா எல்லாம் கேக்கறா."

முந்தைய வருடம் இப்படி நாலு தடவை சொன்னார். ஐந்தாவது தடவை காபியோடு சொன்னார். காபி நன்றாக இருந்தது. கத்தரியை எடுத்து வளையத்தை நானே வெட்டி, முனைகளை ஒட்டி, அழகாக ஆணி அடித்துக் கொடுத்தேன். ரெஜினா வந்து பார்த்தாள்.

"இன்னா சார் பண்ணி வெச்சுகீற? கம்பத்தாண்ட மிச்சம் இருந்தத்த எல்லாம் போன தேருங்களே துன்னுடுச்சு. அடுத்த தேருக்கு இன்னா பண்ணுவ?"

அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அந்த அப்போதுதான் இது.

ஜப்பானும் மயிலாப்பூரும்

பத்மா மாமிக்கு அப்போது ஐம்பத்தேழு. வங்கியில் வேலை பார்த்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, ஆறு வருடமாக ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே ஜப்பான்காரர்களின் தொழிற்சாலைகள் வந்திருந்தன. அங்கே மொழிபெயர்ப்பாளராகப் போக வேண்டும் என்பது ஆசை. ஒரு தொழிற்சாலை வாருங்கள் என்றும் சொல்லியிருந்தது. ஒரே ஒரு தேர்வு எழுதிப் பாஸ் பண்ணிவிட்டு வாருங்கள் என்று.

தேர்வு இணையத்தில். எழுத்தும் பேச்சுமாக இரண்டு மணி நேரம். எங்கிருந்தோ ஒருவர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். நடுவில் இணைப்பு அறுந்தால் தேர்வு ரத்து. முதல் தடவை எழுதும்போது மின்சாரம் போனது. இரண்டாவது தடவை, தெருவில் போன ஒரு லாரி எங்கள் கேபிளைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு போய்விட்டது. மூன்று தடவைக்கு மேல் அனுமதி கிடையாது. மூன்றாவது தடவைக்கு அவர்கள் குறித்துக் கொடுத்த நாள், தேர் நாள். காலை பதினோரு மணி.

வேறு வீட்டில் எழுத முடியாது. எழுதும் அறையை முன்பே கேமராவில் சுற்றிக் காட்டிப் பதிவு செய்தாகிவிட்டது. செல்போன் நெட் என்பது தேர்க் கூட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம். தெருவே தேர் பார்க்கப் போனைத் தூக்கிப் பிடித்திருக்கும்.

"ஜப்பான்காரனுக்கே இவ அளவுக்கு ஜப்பான் பாஷை வராது ஓய்" என்றார் மாமா. பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். "ராத்திரி தூக்கத்துல பேசறா. நான் பதில் சொல்லணுமா வேண்டாமான்னே புரியல" என்று முடித்தார்.

மாமி அதைக் காதில் வாங்காமல் என்னை மட்டும் பார்த்தார். "எனக்கு இதான் கடைசி. நீங்க சொல்லுங்கோ, லைன் வருமா வராதா?"

"தேர் தாண்டின அரை மணியில் வரும் மாமி."

இதைவிட நிதானமான ஒரு பொய்யை நான் அதுவரை சொன்னதில்லை. சொல்லும்போது அது பொய் என்று எனக்கே தெரியாததுதான் காரணம்.

மேஜை உயர்ந்துகொண்டே போன கதை

தேர் பத்தேகாலுக்குத்தான் வீட்டைத் தாண்டியது. ரெஜினா எதிர்க் கம்பத்திலிருந்து கேபிளை இழுத்துக் கொண்டுவந்து சன்ஷேடின் கொக்கியில் மாட்டினாள். இப்போது சன்ஷேடிலிருந்து இரண்டு வால்கள் தொங்கின. ஒன்று தெருவினுடையது, ஒன்று வீட்டினுடையது. இரண்டையும் ஒட்டினால் தீர்ந்தது.

வாசலில் மாமா நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார். அந்த மேஜையின் ஒரு மூலையில் இயந்திரத்தை வைத்தோம். வால்கள் மேஜை வரைக்கும் சரியாக எட்டின.

நேரம் இல்லை, நானும் ஒரு கை கொடுக்கிறேன் என்று சொன்னேன். இதுதான் இந்தக் கதையின் வில்லன் பேசும் முதல் வசனம். சீவினேன், துடைத்தேன், நறுக்கினேன். ரெஜினா ஏணியை மடக்கிவிட்டு வருவதற்குள் படுக்கவைத்து மூடிவிட்டேன். பொறி. திரையில் ஒட்டு தெரியாத ஒட்டு. உள்ளே மோடத்தில் பச்சை என்று மாமா கத்தினார். பந்தலில் மோர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கை தட்டினார்கள். நான் லேசாகத் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

"சோக்கா கீது" என்றாள் ரெஜினா, திரையைப் பார்த்து. பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தாள். "சார், பனியன் எங்க?"

ஸ்லீவ் என் பையில் பத்திரமாக இருந்தது.

நறுக்கினோம். ஒரு சாண் போயிற்று. வால்கள் இப்போது மேஜைக்கு எட்டவில்லை. இயந்திரம் காம்பவுண்டுச் சுவரின் மேல் ஏறியது. இரண்டாவது முறை ரெஜினா செய்தாள். பனியன் முதலில். மூடப்போகும் நேரத்தில், ஒரு பெரியவர் மோர் டம்ளரைச் சுவரில் வைத்து, வைத்த வேகத்தில் தட்டியும் விட்டார். திரையில் இரண்டு கண்ணாடி முனைகளுக்கு நடுவே ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு மலைபோலத் தெரிந்தது. இழுத்துத் துடைக்கும்போது இழை ஒடிந்தது.

இன்னொரு சாண்.

"புது கேபிள் ரோல் எங்க சார்?"

மந்தைவெளியில். ஒரு ஜாயின்ட்தானே, ரோல் எதற்கு என்று காலையில் நான்தான் சொல்லியிருந்தேன். நடந்தால் பத்து நிமிஷ தூரம். அன்று அந்தக் கூட்டத்தில் அது வேறு மாவட்டம்.

மணி பத்து ஐம்பது. இப்போது சுவரும் எட்டவில்லை. மாமா உள்ளே ஓடினார். இரண்டு ஜப்பானிய அகராதிகளோடு வெளியே வந்தார். "பரீட்சைக்கு இது கூடாதாம். இங்கயாவது பிரயோஜனப்படட்டும்" என்று சுவரின் மேல் அடுக்கினார். அதன் மேல் இயந்திரம். ஸ்டூலில் ஏறி நின்ற ரெஜினா வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, மாதாவே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சீவினாள், துடைத்தாள், நறுக்கினாள், மூடினாள்.

பொறி. பச்சை. மாமா உள்ளிருந்து, "வந்துடுத்து! வந்துடுத்து!" என்றார்.

ரெஜினா ஸ்டூலில் இருந்து இறங்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரல் நடுவில் ஸ்லீவ் இருந்தது.

முதலாளியாக நடந்துகொள்ள எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. பனியனைப் பற்றி நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். வாயிலிருந்து அவள் பாஷைதான் வந்தது.

"இப்ப இன்னா பண்ணலாம், ரெஜினா?"

"வெட்ட முடியாது சார். இனிமே எட்டாது." மெதுவாகச் சொன்னாள். "ஆனா லைட்டு போய்க்கினுதான் கீது. மூடிக்குள்ள ரெண்டு பக்கமும் கவ்விக்கினு கீது. மூடியத் தொறக்கக் கூடாது. தொறந்தா மெஷினு ஒரு இழு இழுத்துப் பாக்கும், புட்டுக்கும். காத்துல ஒயரு ஆடினாலும் புட்டுக்கும். யாராச்சும் புடிச்சுக்கினு நின்னா..."

"எவ்வளவு நேரம்?"

"பரீட்ச எவ்ளோ நேரமோ."

உள்ளே மாமி கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"நான் நிக்கறேன் சார், என் தப்பு" என்றாள்.

"முதல் தப்பு என்னுது. வளையத்தை வெட்டினதையும் சேர்த்தால் முதல் இரண்டும். தவிர, நம் கம்பெனியில் சும்மா நிற்பதற்கென்று இருப்பவன் நான்தானே?"

அதை அவள் மறுக்கவில்லை.

சார் நிக்கறாரு

மனிதன் அசையாமல் நிற்கப் பிறந்தவன் அல்ல. முதல் பத்து நிமிடத்தில் மூக்கு அரித்தது. அடுத்து முழங்கால். அதற்கடுத்து, அதுவரை எனக்கு இருப்பதாகவே தெரியாத ஓர் இடம், இடது தோளுக்குப் பின்னால்.

வேறு மூன்று வீடுகளுக்கும் அன்று இணைப்பு கொடுக்க வேண்டும். இருந்த ஒரே இயந்திரம் என் கைக்கடியில். என் போன் எப்போதாவது அடித்தது. ரெஜினா என் பையிலிருந்து எடுத்துப் பேசினாள்.

"ஆமாமா, கம்பெனிதான். சார் பிஸி. இல்லமா, மீட்டிங் இல்ல. நிக்கறாரு. ...அட, நிக்கறாருமா. மதியம் வர்றோம்."

மாமா குடையை விரித்தார். தனக்கு என்று நினைத்தேன். இயந்திரத்துக்கு மேல் பிடித்தார். குடையின் ஓரம் என் வழுக்கைக்கும் கொஞ்சம் நிழல் கொடுத்தது. இன்னொரு கையால் கூட்டத்தை ஒதுக்கினார். "அங்க நின்னு குடிங்கோ. சுவத்துல சாயாதீங்கோ. ஏம்மா, அந்தக் கொழந்தையைப் பிடி!" ஆறு வருடமாக ஜப்பானைக் கிண்டல் செய்த மனிதர், ஜன்னல் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டே இருந்தார்.

ஜன்னல் வழியாக மாமியின் குரல் மெல்லிசாக வந்தது. புரியாத பாஷை. ஆனால் தயக்கம் எந்த பாஷையிலும் புரியும். ஆரம்பத்தில் இருந்தது. போகப்போக இல்லை.

"வேகமாப் பேசறா" என்றார் மாமா குசுகுசுவென்று. "தெரிஞ்ச கேள்வின்னா அவ வேகமாப் பேசுவா. பேங்க்லயும் அப்படித்தான்."

பன்னிரண்டரைக்குச் சாம்பிராணிக்காரர் வந்தார். தட்டை ஒவ்வொரு வாசலிலும் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கள் வாசலில், நான் நின்ற பக்தியைப் பார்த்து, இரண்டு சுற்றுச் சுற்றினார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே புகை ஆகாது. மூக்கின் அடியில் தும்மல் ஒன்று உட்கார்ந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டது. என் தும்மல் சாதாரணத் தும்மல் அல்ல. என் மனைவி அதற்காகவே தனி அறையில் படுக்கிறாள்.

"மாமா..." என்றேன், முடிந்தவரை உதடு அசையாமல்.

ராஜகோபால் மாமா என் முகத்தைப் பார்த்தார். சர்வேயர் கண். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் என் மூக்கை இறுக்கிப் பிடித்தார். தும்மல் மேலே போக வழியில்லாமல் காது வழியாகப் போய்ப் பார்த்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஒயர் அசையவில்லை.

விடவில்லை அவர். மறுபடி வந்தால் என்ன செய்வது என்று பிடித்தபடியே நின்றார். அப்படியே அரை மணி நேரம். வடக்கு மாட வீதியில், பட்டப்பகலில், ஒருவர் இன்னொருவரின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் அது எந்த வேண்டுதல் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு மணி

கதவு திறந்தது. பத்மா மாமி வாசலுக்கு வந்தார். எங்களைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"என் டிக்ஷனரியை யார் வெளில எடுத்துண்டு வந்தா?"

மாமா என் மூக்கை விட்டார். "அது கெடக்கட்டும். முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"நடுவுல நின்னுதா?"

"ஒரு தரம்கூட நிக்கல. அவாளே கேட்டா, உங்க ஊர்ல இணைப்பு ரொம்ப நன்னா இருக்கேன்னு." மாமி அப்போதுதான் என் கைகளைச் சரியாகப் பார்த்தார். என்ன புரிந்ததோ, மோர்ப் பானையின் பக்கம் போய், தானே ஒரு டம்ளர் எடுத்து வந்தார். "கையை எடுங்கோ. இதைக் குடிச்சுட்டு அப்பறம் சொல்லுங்கோ, என்ன நடந்ததுன்னு."

கையை எடுக்கலாம் என்று மூளை சொன்னது. கை கேட்கவில்லை. ரெஜினாதான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். பிறகு மூடியைத் திறந்தாள். இயந்திரம் தன் வழக்கப்படி இழையை ஒரு சின்ன இழு இழுத்துப் பார்த்தது.

டிக்.

உள்ளே மோடம் சிவப்பானது. யாருக்கும் கவலை இல்லை.

சாயங்காலம் கூட்டம் வடிந்த பிறகு மந்தைவெளியிலிருந்து புது ரோல் வந்தது. வாசலில் தாராளமாக ஒரு வளையம் சுருட்டித் தொங்கவிட்டோம். மாமா அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னும் ரெண்டு சுத்து வேணா விடுங்கோ" என்றார். மாமி இப்போது வாரத்தில் மூன்று நாள் தொழிற்சாலைக்குப் போகிறார். கம்பெனிக் கார் வந்தால் அகராதிப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வருவது மாமாதான். மேல் அகராதியின் அட்டையில் இயந்திரத்தின் நாலு ரப்பர் கால்களும் பதிந்த தடம் இருக்கிறது. மாமி அதை மறைக்க உறை எதுவும் போடவில்லை.

அன்று சாயங்காலம் அந்த வாசலில் கடைசி ஜாயின்டுக்கு ரெஜினா உட்கார்ந்தாள். சீவுவதற்கு முன்னால் டப்பியிலிருந்து ஒரு ஸ்லீவை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கி எனக்குக் காட்டி, இழையில் கோத்தாள்.

"பாத்துக்கோ சார். பனியன்."

"பார்த்தேன்" என்றேன். தும்மினேன். மத்தியானத்திலிருந்து காத்திருந்த தும்மல். நறுக்கி வைத்திருந்த இன்னொரு முனை பறந்து மோர்ப் பானைக்குள் விழுந்தது.